எரிப்பதா, புதைப்பதா? தோட்டத்து ஊரில் முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

சாவு வீட்டில் உடலைக் கூடத்தில் கிடத்தித் தலைமாட்டில் விளக்கேற்றுவதற்குள் யாராவது ஒரு பெரியவர் கேட்டுவிடுவார்: "எரிக்கிறதா, அடக்கம் பண்றதா?" பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அப்பா உயிரோடு இருந்தபோது ஒன்று சொல்லியிருப்பார், அம்மாவுக்கு வேறு எண்ணம் இருக்கும், குலவழக்கம் என்று சித்தப்பா மூன்றாவதாக ஒன்றைக் கிளப்புவார். சவப்பெட்டிக்காரர் அதற்குள் இரண்டு முறை போன் செய்திருப்பார்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ரப்பரில் பிறந்து செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாறிய ஊர்களில் நான் சொல்லும் யோசனை ஒன்றுதான். சடங்கைப் பற்றிப் பேசும் முன் நிலத்தைப் பற்றிப் பேசுங்கள். புதைக்கப்போகும் மண் யார் பெயரில் இருக்கிறது? எரிக்கப்போகும் இடத்துக்கு உரிமம் இருக்கிறதா? இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதிச் சண்டை தானாக அடங்கிவிடும். சடங்கை எங்கே வேண்டுமானாலும் முறையாகச் செய்துகொள்ளலாம். தப்பான இடத்தில் புதைத்த உடலைப் பின்னால் எடுப்பதுதான் பெரும்பாடு.

எதைச் செய்தாலும் முதலில் பர்மிட்

எரித்தாலும் புதைத்தாலும் அடக்க பர்மிட் வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்தால் டாக்டரே இறப்புக் காரணத்தை எழுதித் தருவார், தாள்கள் அங்கேயே கைக்கு வந்துவிடும். வீட்டில் இறந்தால் பக்கத்துப் போலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். இறந்தவரின் ஐசி (அடையாள அட்டை), போகிறவரின் ஐசி, அப்புறம் கிளினிக் கார்டு, மருந்து உறை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த தாள் என்று கையில் கிடைப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். கடைசியில் சொன்ன பழைய தாள்களின் அருமை பலருக்குத் தெரிவதில்லை. வருடக்கணக்காகச் சர்க்கரை, இருதயத்துக்கு மருந்து, போன மாதம்கூட வார்டில் படுத்திருந்தார் என்று காட்ட ஒரு தாள் இருந்தால் கேள்விகள் சீக்கிரம் முடியும். ஒன்றுமே இல்லாமல் "நேத்து ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டாரு" என்று மட்டும் சொன்னால் அவர்கள் சந்தேகப்படுவதில் தப்பில்லை. உடல் ஆஸ்பத்திரிக்குப் போகும், அன்றைய காரியம் மறுநாளைக்குத் தள்ளிப்போகும்.

சாலை விபத்து, தற்கொலை, தோட்டத்தில் இயந்திரத்தில் சிக்கி இறந்தது, காரணம் தெரியாத சாவு இவையெல்லாம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் போலிஸ் விசாரிக்க வேண்டியவை. பிரேதப் பரிசோதனை தேவை என்று போலிஸ் முடிவு செய்தால் "வேண்டாம் ஐயா, உடம்பை அறுக்காதீங்க" என்று குடும்பம் தடுக்க முடியாது. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட உடல் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போகும். அங்கிருந்து எப்போது வரும் என்று தெரியும்வரை அடக்க நேரம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். சிங்கப்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் புறப்பட்டு வருபவர்கள் வந்து வெறும் பந்தலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இறப்பைப் பதிவது தனி வேலை. 1957 ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 7 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில், அதாவது ஜேபிஎன்னில், பதிய வேண்டும். இறந்தவரின் மைகார்டை, அதாவது அந்த ஐசியை, அங்கே ஒப்படைக்க வேண்டும். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறோம் என்று பர்சில் ஒளித்து வைக்கிற பிள்ளைகள் உண்டு. மனசு புரிகிறது, ஆனாலும் அது அரசாங்கத்தின் பொருள்.

தோட்டத்துச் சுடுகாடு

பழைய தோட்டம் ஒவ்வொன்றிலும் கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, ஆயாக்கொட்டகை இவற்றோடு ஓரத்தில் ஒரு சுடுகாடும் இருந்தது. வெள்ளைக்காரத் துரை கைகாட்டிய இடம். பெரும்பாலும் மரம் வைக்க லாயக்கில்லாத மேடோ, ஆற்றங்கரைச் சரிவோ. துரை வாயால் சொன்னதுதான் உத்தரவு, தோட்டக் கணக்கரான கிராணி நோட்டுப் புத்தகத்தில் எழுதியதுதான் பதிவு. நிலப் பட்டாவில் அந்த ஒரு ஏக்கர் தனியாகப் பிரிந்திருக்காது. மொத்தத் தோட்டமும் கம்பெனி பெயரில் ஒரே கிராண்ட்.

பிரச்சினை முழுக்க இதில்தான் இருக்கிறது. தேசிய நிலச் சட்டத்தின் கீழ் மாநில அரசு தன் நிலத்தில் ஒரு பகுதியை மயானத்துக்கென்று ஒதுக்கி அரசிதழில் வெளியிடலாம். அப்படி வெளியான இடத்துக்கு ஓர் உறுதி உண்டு. கம்பெனிக்குக் கொடுத்துவிட்ட நிலத்தில் அது தானாக நடக்காது. அந்தத் துண்டைக் கம்பெனி திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அரசு கையகப்படுத்த வேண்டும். பல தோட்டங்களில் இரண்டுமே நடக்கவில்லை. தோட்டம் கை மாறியது, துண்டு போட்டு விற்றார்கள், பிறகு வீடமைப்புக் கம்பெனி வந்தது. 1950களிலும் 60களிலும் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது தொழிலாளர் நிலை என்னவாகும் என்ற கவலையில்தான் எங்கள் ஊர்க்காரரும் அமைச்சருமான துன் சம்பந்தன், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் வாங்கிய தோட்டங்கள் போக மற்றவை யார் யார் கைக்குப் போயின என்று இன்றைக்கு உட்கார்ந்து தேடினால் தலை சுற்றும்.

அதற்கு முன்பே, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேய அரசு கொண்டுவந்த அவசரகாலம் வந்து கலைத்துவிட்டுப் போயிருந்தது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்தில் வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் அவசரகாலமே பிரகடனமானது. பிறகு தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, கூட்டி ஒரே வேலிக்குள் கொண்டுவந்தார்கள். மனிதர்கள் இடம் மாறினார்கள், அவர்களுடைய செத்தவர்கள் மாறவில்லை. செம்பனைக்கு நடுவே, யாரும் போகாத பழைய லயத்துக்குப் பின்னால் கல்லறைகள் கிடப்பது இப்படித்தான்.

இன்றைக்கு அப்படி ஓர் இடத்துக்குப் போனால் என்ன தெரியும்? லாலான் புல் இடுப்பளவு. வெள்ளைச் சுண்ணாம்பு உதிர்ந்த சிமெண்டுத் திட்டு, அதில் ஆணியால் கீறிய பெயர், இறந்த தேதி மட்டும், பிறந்த தேதி கிடையாது. காட்டுப்பன்றி தோண்டிய பள்ளம். கொஞ்சம் தள்ளி, தலையில் சிவப்புச் சாயம் பூசிய புத்தம் புதுச் சர்வே முளை. அந்த முளையைப் பார்த்த பிறகும் அங்கே புதுக்குழி வெட்டுகிற குடும்பத்துக்கு நான் என்ன சொல்வது?

சட்டம் கல்லறையைச் சும்மா விட்டுவிடவில்லை. தண்டனைச் சட்டத்தின் 297 ஆம் பிரிவு, பிறர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடோ புண்படும் என்று தெரிந்தோ மயானத்தில் அத்துமீறுவதையும் சடலத்தை அவமதிப்பதையும் குற்றம் என்கிறது. ஆனால் அந்தப் பிரிவு நிலம் விற்கப்படுவதைத் தடுக்காது. விற்ற பிறகு கம்பெனி நோட்டீஸ் ஒட்டும், கூட்டம் நடக்கும், எலும்பை எடுத்துப் போக ஒரு தொகை பேசுவார்கள். அப்போதும் நீங்களாக மண்வெட்டியோடு போய்த் தோண்டக் கூடாது. அதற்கு அனுமதி வேண்டும், சுகாதார அதிகாரி முன்னிலை வேண்டும். கடைசியில் அந்த எலும்பை எங்கே கொண்டு போவார்கள்? பெரும்பாலும் எரிக்கத்தான். நாற்பது வருடம் கழித்து, பேரப்பிள்ளைகள் கையால்.

ஆகவே கம்பெனி நிலத்தில் புதிதாகப் புதைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பாட்டி பக்கத்தில் படுக்க வேண்டும் என்று தாத்தா கேட்டிருந்தால்கூட, அவருடைய சாம்பலில் ஒரு பிடியைப் பாட்டி தலைமாட்டில் தூவிவிட்டு வாருங்கள்.

புதைத்தே ஆக வேண்டுமென்றால்

புதைப்பது சில குடும்பங்களுக்கு வழக்கம் மட்டுமல்ல, நம்பிக்கை. பால்குடி மாறாத குழந்தையை எரிக்க மாட்டார்கள். வீரசைவக் குடும்பங்கள் உட்கார வைத்து அடக்கம் செய்வார்கள். கிறிஸ்தவத் தமிழர்களுக்குத் தேவாலயக் கல்லறை இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1963இலிருந்து தகனத்தை அனுமதிக்கிறது, ஆனால் சாம்பலைத் தூவக் கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தமிழ் முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல் மையத்துக்கொல்லை. அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

இந்துக் குடும்பம் புதைக்க வேண்டுமென்றால் இடத்தைப் பற்றி நான்கு விஷயம் கேளுங்கள். நில வரி ரசீது யார் பெயரில் வருகிறது? மயான நிலம் என்று அரசிதழில் இருக்கிறதா? யார் எங்கே என்று எழுதிய பதிவேடு உண்டா? கட்டும் பணத்துக்கு ரசீது தருவார்களா? 1976 ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி புதைகாடும் சுடுகாடும் தகனக்கூடமும் உள்ளாட்சி மன்றத்தின் பார்வைக்கு உட்பட்டவை. மன்றமே நடத்தலாம், மற்றவருக்கு உரிமம் தரலாம், வேண்டாமென்று மூடவும் செய்யலாம். உரிமமில்லாத இடத்தில் புதைப்பதோ எரிப்பதோ குற்றம். எங்கள் ஊர் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது, அங்கே ஒரு போன் போட்டால் எந்த மயானம் அவர்கள் பட்டியலில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். "எங்க தாத்தா காலத்திலேருந்து இங்கதான் புதைக்கிறோம்" என்று கோயில் தலைவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் அது பட்டா ஆகாது.

இன்னொரு சந்தர்ப்பத்தில் நானே புதைக்கச் சொல்வேன். சாவில் குடும்பத்துக்குச் சந்தேகம் இருந்தால் எரிக்க அவசரப்படாதீர்கள். 2009 ஜனவரியில் போலிஸ் காவலில் இறந்த ஏ.குகன் விஷயம் நம்மவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததால் சாவு என்றது. குடும்பம் விடாப்பிடியாக நின்று மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டாவது பரிசோதனை செய்ய வைத்தது. அடிபட்ட காயங்களால் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழந்தது என்று அதில் வந்தது. வழக்கின் போக்கே மாறியது. உடல் இருந்ததால்தான் இரண்டாவது முறை பார்க்க முடிந்தது. புதைத்த உடலைக்கூட மாஜிஸ்திரேட் உத்தரவோடு வெளியே எடுத்துப் பார்க்கலாம். சாம்பலிடம் எதையும் கேட்க முடியாது.

கட்டை அடுக்கி எரிப்பது

மனசுக்கு நிறைவான முறை எது என்று கேட்டால் பெரியவர்கள் இதைத்தான் சொல்வார்கள். பாடையை இறக்கி, தோளில் குடம் வைத்து மூன்று சுற்று சுற்றி, மூத்த மகன் கொள்ளி வைத்து, நெருப்பு பிடித்ததும் திரும்பிப் பார்க்காமல் நடப்பது. எல்லாம் கண்ணெதிரே நடக்கும்.

சட்டமும் இதற்குத் தடை சொல்லவில்லை. திறந்தவெளி எரிப்பைத் தடுக்கும் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974ஐச் சேர்ந்தது. புகைமூட்டம் வரும் மாதங்களில் சுற்றுச்சூழல் துறை எல்லா எரிப்புக்கும் தடை போடும்போதும் சடலத் தகனம், சமயச் சடங்கு, பார்பிக்யூ மாதிரி சிலவற்றுக்கு விலக்குத் தருவது வழக்கம். ஆகவே புகைமூட்டக் காலத்தில் "எரிக்கக் கூடாதாமே" என்று யாராவது பயமுறுத்தினால் கவலைப்படாதீர்கள், இடத்துக்கு உரிமம் இருந்தால் போதும். ஆனால் அந்த விலக்கு சடலத்துக்குத்தான். செத்தவர் படுத்த மெத்தை, தலையணை, துணிமணிகளை வீட்டுக்குப் பின்னால் குவித்துக் கொளுத்துகிறோமே, அதற்கும் அந்த விலக்கைக் காட்ட முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டிவரும்.

நடைமுறைச் சிக்கல் மரக்கட்டையில் இருக்கிறது. ஓர் உடல் முழுக்க எரிய 400 முதல் 500 கிலோ கட்டை வேண்டும். ரப்பர் காலத்தில் இது ஒரு கவலையே இல்லை, பால் வற்றிய மரங்களைச் சாய்க்கும்போது கட்டை மலை மலையாகக் கிடக்கும். செம்பனை அப்படியில்லை. அதன் தண்டு நாரும் தண்ணீரும், அடுக்கி எரிக்கவே முடியாது. சுற்றிலும் ஆயிரம் ஏக்கர் மரம் நிற்கும் ஊரில் சிதைக்குக் கட்டையை லோரியில் வரவழைக்கிறோம். தைப்பிங் பக்கம் மாத்தாங் சதுப்புநிலக் காட்டிலிருந்து வருகிற பக்காவ் (அலையாத்தி) கட்டை கிடைத்தால் நல்ல சூடு, ஆனால் விலை. மலிவாகக் கிடைக்கும் ஈர ரப்பர் கட்டையில் காரியத்தை நடத்தினால் பாதியில் அணையும். அப்போது டீசல், பழைய டயர் என்று இறங்குவார்கள், அதைப் பிள்ளைகள் பார்க்காமல் இருப்பது நல்லது.

மழையையும் கணக்கில் வையுங்கள். எங்கள் ஊரில் மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்தால் பிறகு நிச்சயமில்லை. கூரை போட்ட சிதைமேடை இருந்தால் சரி. இல்லையென்றால் காலையிலேயே எடுத்துவிடுங்கள். மதியச் சோறு முடிந்து எடுப்போம் என்று இழுத்தால், தகரத்தைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் நனைந்தபடி நிற்க வேண்டியதுதான். முழுக்க எரிந்து ஆற ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், காவலுக்கு ஆள் வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் வயதாகிப் போனார்கள், அவர்கள் பிள்ளைகள் பினாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள்.

மின்சுடலை

மின்சுடலை என்று சொன்னாலும் உள்ளே எரிவது பெரும்பாலும் கேஸ். 800 முதல் 1,000 டிகிரி சூட்டில் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மழை, கட்டை, காவல் எந்தக் கவலையும் இல்லை. மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் கட்டைச் சிதையைவிட இது குறைவாகவே வரும். எங்கள் பக்கத்தவர்களுக்கு ஈப்போ அரை மணி நேரத்தைச் சற்று தாண்டும் தூரம்தான், புந்தோங் இந்து மயானம் எல்லாருக்கும் தெரிந்த இடம்.

குறை என்று சொல்பவர்கள் சொல்வது அந்தக் கதவைத்தான். பெட்டி உள்ளே போகிறது, கதவு மூடுகிறது, அவ்வளவுதானா என்று ஒரு வெறுமை. உண்மைதான். ஆனால் சடங்கில் எதுவும் விட்டுப் போக வேண்டியதில்லை. வாய்க்கரிசி, குடம் உடைப்பது, நெய்ப்பந்தம் எல்லாவற்றையும் மண்டபத்தில் செய்யலாம். பெட்டி மேல் கற்பூரம் ஏற்றி மகன் கொள்ளி வைப்பதைப் பெரும்பாலான இடங்களில் அனுமதிக்கிறார்கள். நேரம் மட்டும் கட்டுப்பாடாக இருக்கும், அடுத்த பெட்டி வாசலில் நிற்கும். ஓதுவார் தேவாரம் நீட்டிப் பாடுகிறவர் என்றால் அதை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஒரு மாற்றத்தை நான் சந்தோஷமாகவே பார்க்கிறேன். சுடுகாட்டுக்குப் பெண்கள் வரக் கூடாது என்று தெருமுனையில் நிறுத்தப்பட்ட மகள்கள் மின்சுடலைக்கு வருகிறார்கள், சில வீடுகளில் கொள்ளியும் அவர்கள்தான் வைக்கிறார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுத்ததாகத் தெரியவில்லை, காரில் ஏறி வந்துவிட்டார்கள்.

போகும் முன் கவனிக்க வேண்டியது பெட்டியும் உடலும். கண்ணாடி மூடி, கனத்த இரும்புக் கைப்பிடி, பிளாஸ்டிக் அலங்காரம் உள்ள பெட்டியைச் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள், பெரிய பெட்டி வாசலில் நுழையாமலும் போகலாம். கடைக்காரர் காட்டும் மினுமினுப்பைப் பார்க்காமல் "இது எந்தச் சுடலைக்குப் போகுது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இறந்தவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அதன் பேட்டரி அந்தச் சூட்டில் வெடிக்கும், சூளைக்கும் பக்கத்தில் நிற்கும் ஆளுக்கும் ஆபத்து. ஆஸ்பத்திரியிலேயே எடுக்கச் சொல்லிவிடலாம். வெறும் உடம்பாகப் போக வேண்டும் என்று சட்டைப் பையில் போன் வைத்து அனுப்பாமல் இருப்பவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள்.

பர்மிட் இல்லாமல் அங்கே வேலை தொடங்காது. அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நகல் இரண்டு எடுத்து வையுங்கள். நகல் கடை ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும், சாவு கிழமை பார்த்து வராது.

யார் கையில் முடிவு

உடல் யாருக்கும் சொத்தல்ல என்பது நாம் பின்பற்றும் ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய கோட்பாடு. உயில் எழுதியிருந்தால் அதை நிறைவேற்றும் பொறுப்பாளருக்கு உடலை அடக்கம் செய்யும் உரிமை முதலில் வரும். உயில் இல்லாவிட்டால் நெருங்கிய உறவு. அப்பா "என்னை எரிக்காதே" என்று உயிலில் எழுதினாலும் அந்த வரி கட்டாயப்படுத்தாது, பிள்ளைகள் மதித்தால் உண்டு. மகனும் இரண்டாம் தாரமும் சண்டை போட்டால் உடல் பிணவறையில் கிடக்கும், நாள் ஏற ஏற யாருக்கும் லாபமில்லை.

மதம் சம்பந்தமாகவும் சொல்லியே ஆக வேண்டும். மலேசியாவின் எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் இருந்த எம்.மூர்த்தி 2005 டிசம்பரில் இறந்தபோது அவர் இஸ்லாத்தைத் தழுவியிருந்தார் என்று ஷரியா நீதிமன்ற ஆணை வந்தது. மனைவி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஷரியா நீதிமன்ற முடிவில் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டார்கள், அவர் முஸ்லிமாக அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு சிலாங்கூரில் ஏ.ராயப்பன் இறந்தபோதும் அவர் முஸ்லிம் என்று மாநில இஸ்லாமிய மன்றம் உடலைக் கோரியது, பிறகு கோரிக்கையை விட்டுக்கொடுத்தது, கிறிஸ்தவ அடக்கம் நடந்தது. குடும்பத்தில் யாருடைய ஐசியிலாவது, பழைய திருமணப் பதிவிலாவது சிக்கல் இருப்பது தெரிந்தால் உயிரோடு இருக்கும்போதே வக்கீலைப் பார்த்துவிடுங்கள். சாவு வீட்டில் அதைத் தீர்க்க நேரமிருக்காது.

உடல் தானம்

சிலர் கேட்கிறார்கள், ஆகவே சுருக்கமாக. 1974 ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டப்படி உயிரோடு இருக்கும்போது எழுத்தில் சம்மதம் தரலாம், கடைசி நோயின்போது இரண்டு சாட்சிகள் முன்னால் வாயாலும் சொல்லலாம். மலாயாப் பல்கலைக்கழகம் 2012இலிருந்து நடத்தும் மௌன ஆசான் திட்டத்தில் மருத்துவப் பயிற்சி முடிந்ததும் உடலைத் தகனம் செய்து சாம்பலைக் குடும்பத்திடம் தருகிறார்கள். நல்ல காரியம். எங்களுக்குத் தடை தூரம். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் சுமார் 200 கிலோமீட்டர், உடல் சில மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வீட்டில் சாவு, போலிஸ், பர்மிட் என்று போனால் நேரம் கடந்துவிடும். பதிவு செய்திருந்தாலும் இரண்டாவது ஏற்பாடு ஒன்றைப் பேசி வைத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து உணவகத்திலும் தோட்டத்திலும் வேலை பார்ப்பவர் இறந்தால் ஊருக்கு அனுப்பும் வழி உண்டு. மனித உடல்களைக் கொண்டுவருவதற்கும் அனுப்புவதற்கும் 2006இல் வந்த விதிமுறைகள், தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ் இருக்கின்றன. பதப்படுத்திய சான்று, பெட்டியை அடைத்த சான்று, இந்தியத் தூதரகத்தின் தாள் என்று நீளும். முதலாளி செலவை ஏற்காவிட்டால் இங்கேயே எரித்துச் சாம்பலை அனுப்புவதே அந்தக் குடும்பத்துக்குத் தாங்கும்.

சாம்பல்

எரித்த பிறகு கிடைப்பது இரண்டு மூன்று கிலோதான். மின்சுடலையில் மறுநாள் காலையில், சில இடங்களில் அன்றே, பொறுக்கிக்கொள்ளலாம். பால் தெளித்து எலும்பைச் சட்டியில் எடுத்த கையோடு கரைத்துவிடுவதே நல்லது. வீட்டுக்குக் கொண்டுவந்து மரத்தில் கட்டி வைத்து, பதினாறாம் நாள் பார்ப்போம் என்று ஒத்திப்போட்டு, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை முறிந்து, சட்டி அங்கேயே தொங்கிய வீடுகள் உண்டு.

எங்களுக்குப் பக்கம் பேராக் ஆறு. கடல் வேண்டுமென்றால் லூமுட் பக்கம் போகலாம், படகு எடுத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆறா கடலா என்று கேட்டால் ஆற்றைத்தான் சொல்வேன், ஓடுகிற தண்ணீர், கிட்டத்தில் இருக்கிறது, வயதான அம்மாவும் கூட வரலாம். மீன் பிடிப்பவர்களும் குளிப்பவர்களும் இல்லாத கரையாகப் பாருங்கள், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்பக்கம் வேண்டாம். எலும்புச் சாம்பல் தண்ணீரைக் கெடுப்பதில்லை. கெடுப்பது கூடவே போகிற பிளாஸ்டிக் பை, நைலான் மாலை, செத்தவரின் வேட்டி, கற்பூர டப்பா. ஆற்றில் குப்பை போட்டால் அபராதம் உண்டு, அதைவிட, நாளைக்கு மன்றம் அந்தக் கரையில் வேலி போட்டுவிட்டால் அடுத்தவர்களுக்கு இடமிருக்காது. மண்சட்டி மட்டும் போகட்டும், மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து தொட்டியில் போடுங்கள்.

காசிக்கோ ராமேஸ்வரத்துக்கோ கொண்டு போக நினைப்பவர்கள் மரணச் சான்றிதழையும் தகனச் சான்றிதழையும் அசலாக எடுத்துக்கொள்ள வேண்டும். மின்சுடலையில் தகனச் சான்றிதழைக் கேட்டு வாங்காமல் வந்துவிட்டுப் பிறகு அலைபவர்கள் அதிகம். சாம்பலைப் பித்தளைச் சொம்பில் அடைக்காதீர்கள், விமான நிலைய எக்ஸ்ரேயில் உள்ளே இருப்பது தெரியாது, திறக்கச் சொல்வார்கள். மரப்பெட்டியோ மண்கலமோ துணியில் கட்டிக் கைப்பையில் போகட்டும். டிக்கெட் வாங்கும்போதே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். பெர்கேசோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திலும் கேடபிள்யூஎஸ்பி எனும் ஊழியர் சேமநிதியிலும் ஈமச்செலவு உதவிக்கு மனுப்போடவும் அதே மரணச் சான்றிதழைத்தான் கேட்பார்கள், ஆகவே பயணத்துக்கு முன் உறுதிப்படுத்திய நகல்கள் சிலவற்றை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.